ஆட்சேபப் படிவம்

"அந்த மகராசி முழுசாப் படிச்சாளாமா? மொதல்ல அதைக் கேளுங்க சார்!"

பிரின்சிபால் ஹோல்கம்ப் வாசலை எட்டிப் பார்த்தார். "மெதுவா, டார்லீன். வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க."

"உட்காரட்டுமே! காதுல விழட்டும்!"

டார்லீனுக்கு அப்படி ஒரு ஆத்திரம். அந்த ஒஹாயோ பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக நூலகர். போன வருஷம் பெற்றோர் சிலர் ஆட்சேபப் படிவம் கொடுத்து இரண்டு புத்தகத்தை அலமாரியிலிருந்து தூக்க வைத்தார்கள். இந்த வருஷம் 'ஏழாவது மதில்'. பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு எடுத்துப் போகிற நாவல். கதையில், பதிமூன்று வயதில் பரீட்சை வைத்து, யார் எந்த மதிலுக்குள் வாழலாம் என்று அரசாங்கம் பிரித்துவிடும். ஒரு பெண் அதை எதிர்த்து நிற்பாள். அந்தப் புத்தகத்தைத்தான் நீக்கச் சொல்லிப் படிவம் கொடுத்திருக்கிறாள், ரோண்டா பிக்கெட் என்று ஒருத்தி. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள்.

மூன்று பக்கத்துக்குப் பேச்சு எழுதிக் கொண்டுவந்திருந்தாள் டார்லீன். விடுவதாக இல்லை.

ரோண்டா உள்ளே வந்து, பஸ் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"புத்தகத்தை முழுசாப் படிச்சீங்களாம்மா?" என்றார் பிரின்சிபால்.

"படிச்சேன் சார். மூணு பாகமும்."

டார்லீன் இதை எதிர்பார்க்கவில்லை. "அப்படியா? என்ன குத்தம் கண்டுபிடிச்சீங்க?"

"குத்தமா? கேட்டீங்கன்னா நிறைய இருக்கு மேடம். பெரியவங்கன்னு வர்ற அத்தனை பேரும் ஒண்ணு முட்டாள், இல்லேன்னா அயோக்கியன். நல்ல அம்மா ஒருத்திகூட இல்ல. இருந்தாலும் பத்தாவது பக்கத்துல செத்துப் போயிடுறா. சண்டை நடக்குறப்போ அந்தப் பொண்ணு பின்னாடி ரெண்டு பையனுங்க, யாரைக் கட்டிக்கலாம்னு அவளுக்கு யோசனை வேற! நூறு வருஷமா இருக்குற அரசாங்கம் ஒரே மத்தியானத்துல விழுந்திடுது. சரி, விழட்டும். மறுநாள் குப்பையை யாரு அள்ளுவா? பஸ்ஸை யாரு ஓட்டுவா? அதைப் பத்தி ஒரு வரி இல்ல."

பிரின்சிபாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோலச் சமாளித்தார்.

டார்லீனுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

"குப்பை அள்ளுறதைப் பத்திப் படிக்கவா பிள்ளைங்க அதை எடுக்குதுங்க? பதிமூணு வயசுன்னா என்னன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? பாக்குறவங்க எல்லாரும் அளந்துக்கிட்டே இருப்பாங்க. மார்க்கை அளப்பாங்க, எடையை அளப்பாங்க, பல்லு வரிசையைக்கூட விட மாட்டாங்க. அந்த வயசுல ஒரு புத்தகம் வந்து, 'நீ தப்பில்லடி கண்ணு, உன்னை அளக்குற கோல்தான் தப்பு'ன்னு சொல்லுது. அதுக்காகத்தான் படிக்குதுங்க. எழுத்து முன்னப்பின்ன இருந்தா இருந்துட்டுப் போகட்டும்! அதையும் புடுங்கிப் போடணுமா? உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

சொல்லி முடித்தபோது டார்லீனுக்கு மூச்சு வாங்கியது.

ரோண்டா தலையாட்டினாள்.

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க மேடம். நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"என்னது?"

"இந்தப் புத்தகத்தை நீக்க வேணாம் சார்," என்று பிரின்சிபால் பக்கம் திரும்பினாள். "ஸ்கூலுக்கு மூணு தடவை மெயில் போட்டேன். ஒருத்தரும் பதில் போடல. புத்தகத்தை எம்பொண்ணுக்குக் கொடுங்கன்னு கேக்க உங்ககிட்ட படிவமே கிடையாது. தடை பண்ணுன்னு கேட்டா மட்டும் பத்து நாளுக்குள்ள கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசணுமாமே! அதான் இதை எழுதிக் கொடுத்தேன்."

"உங்க பொண்ணுக்கு யாரும்மா கொடுக்க மாட்டேன்னாங்க?" என்றார் பிரின்சிபால்.

"செப்டம்பர்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் கம்ப்யூட்டர்ல வாசிப்பு டெஸ்ட் வச்சீங்கல்ல? கடிகாரம் ஓடுற டெஸ்ட்னாலே எங்க ஷெல்பிக்குக் கை கால் உதறும். மார்க் குறைஞ்சிடுச்சு. அவ கார்டுல மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. மஞ்சள் கார்டுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின புத்தகம் மட்டும்தானாம். இது நீலமாம். லைப்ரரியில வகுப்பே பார்க்க, கையில இருந்ததை வாங்கி, 'இது உன் லெவல் இல்லம்மா'ன்னு திரும்ப அலமாரியில வச்சிட்டாங்க."

ரோண்டா பிரின்சிபாலைப் பார்த்து மேலே சொன்னாள்.

"டவுன் லைப்ரரியில எடுத்துக் கொடுத்தேன் சார். எட்டே நாள்ல மூணு பாகமும் முடிச்சிட்டா. அவ அப்படி என்னதான் படிக்கிறான்னு நானும் படிச்சேன். ஆனா இந்த ஸ்கூல் லைப்ரரிக்குள்ள மட்டும் கால் வைக்க மாட்டேங்குறா. 'நான் மஞ்சள்மா, எனக்கு அறிவு கம்மி'ங்குறா. பெத்தவ வயிறு எரியாதா சார்?"

பிரின்சிபால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எட்டு நாள்ல மூணு பாகம் படிச்ச பொண்ணுகிட்டேர்ந்து புத்தகத்தைப் புடுங்கினது யாரு?"

ரோண்டா டார்லீன் பக்கம் திரும்பினாள்.

டார்லீன் கையிலிருந்த மூன்று பக்கப் பேச்சை மடித்தாள்.

"ரூல் அப்படி சார்," என்றாள். "கம்ப்யூட்டர் மஞ்சள்னு சொல்லிட்டா, நான் என்ன பண்ண முடியும்?"