ஒரே மூச்சில் இருபது

ஏழு எண்ணும்போதே மூச்சு தீர்ந்துவிட்டது. இருமினேன். இருமலுக்குள் ஒரு மூச்சைக் கடத்தினேன்.

இருபதைத் தொட மூன்று இருமல் தேவைப்பட்டது.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நம்பிவிட்டாள்.

என் நோய் எளிமையானது. நரம்பு சொல்லும், தசை கேட்காது. வீட்டில் என் பேச்சுக்கு இருக்கும் மரியாதைதான் உடம்புக்குள்ளும்.

முதலில் ஒரு இமை விழுந்தது. நான் கண்ணடிப்பதாக நினைத்து எதிர்வீட்டுக்காரி ஜன்னலுக்குத் திரை போட்டாள். அப்புறம் நாக்கு குழறியது. காலை ஒன்பது மணிக்கே குடிக்கிறவன் என்று பெயர் வாங்கினேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை போயிற்று. இருபது வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மூச்சுவிடாமல் திட்டியே பிழைத்தவன் நான்.

இப்போது மூச்சுத் தசையின் முறை. தினமும் காலையில் ஒரே மூச்சில் இருபது எண்ண வேண்டும். குறைந்தால் உடனே ஓடிவர வேண்டும், தாமதித்தால் ஆள் இருக்க மாட்டான் என்பது டாக்டரின் கட்டளை.

போன தடவை ஓடினேன். தொண்டையில் குழாயைச் சொருகிவிட்டார்கள். பதினோரு நாள் ஒருவரையும் திட்ட முடியவில்லை.

இனி செத்தாலும் போவதில்லை.

மனைவி வந்து கதவில் சாய்ந்தாள். சண்டைக்குத்தான். ஆறு மாதமாகத் தினமும் காலையில் இதே வேலை. என் மீசை, என் குறட்டை, நான் மடித்த துணி என்று ஏதாவது கிடைக்கும். சீக்காளியிடம் வம்பிழுக்கிற ஜென்மம். நான் திட்டத் திட்ட, விரலால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாள். அத்தனை திமிர்.

"உங்க அக்காவுக்கு வாய் மட்டும்தான் நீளம்."

சுருக்கென்றது. "எங்க அக்காவைப் பத்திப் பேசறதுக்கு உனக்கு என்னடி..."

'தகுதி' தொண்டைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இருமவும் காற்றில்லை.

கதவில் தட்டுவதும் நின்றது.

போன் ஏற்கெனவே அவள் காதில் இருந்தது. மறுமுனையில் அதே அக்கா.

"அக்கா, ஒரு மூச்சுக்கு ஆறு வார்த்தைதான். நேத்து பதினேழு. வண்டிய எடுங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து என் பை வந்தது. எல்லாம் அடுக்கித் தயாராக இருந்தது.

குனிந்து என் செருப்பை மாட்டினாள். தட்டிய விரல்களுக்கு வார் அகப்படவே இல்லை.

"மிச்சத்தை வந்து திட்டுங்க" என்றாள்.