பீங்கான் ரகசியம்

அதுவரை சீனாவிலிருந்து கப்பலில் மட்டுமே வந்த பீங்கானைச் செய்யும் பக்குவம், ஜெர்மனியின் சாக்சனிக் கோட்டையில் மண் கலக்கும் லேனர்ட்டுக்குத் தெரியும். அது வெளியே போய்விடக் கூடாதென்று ஏழு வருஷமாக அங்கேயே காவலில் வைக்கப்பட்டிருந்தான்.

ஞாயிறுதோறும் வரும் மனைவி ரோசினா, "எங்கிட்டகூடச் சொல்லமாட்டீங்களா?" என்று கெஞ்சுவாள். அவள் முகம் வாடினாலும் அவன் சொன்னதில்லை.

ஒருநாள் மேலாளர் ஒரு பீங்கான் தேநீர்க் கோப்பையைக் காட்டினார். "வியன்னாவுல செஞ்சது. எவனோ நம்ம ரகசியத்தை வித்துட்டான்."

லேனர்ட் மண்டியிட்டான். "சத்தியமா நான் இல்லீங்க! பெண்டாட்டிகிட்டகூட வாயைத் திறக்கல."

"தெரியும்யா. ஒவ்வொரு வாரமும் உன்னைச் சோதிச்சுட்டு, எங்ககிட்ட வந்து அதைத்தானே ரோசினா சொல்லுவா? அதுக்குத்தானே அவளுக்குச் சம்பளம்! இனிமே ஒளிக்க ஒண்ணுமில்ல, நீ வீட்டுக்குப் போ."

லேனர்ட் மண் தொட்டியருகே போய் உட்கார்ந்தான்.

"ஐயா... நான் இங்கேயே இருந்துக்கட்டுமா?"