இன்னும் கொஞ்சம் ஷார்ப்பா

"இது என் முகமா, இல்ல உப்புத்தாளா?"

சட்டம் போட்ட பெரிய கல்யாணப் படத்தை ஸ்டூடியோ மேசைமேல் சாத்தி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள் புதுப்பெண்.

எடிட்டர் எட்டிப் பார்த்தார். முகத்தில் பருக்கள், கண்ணுக்குக் கீழே கருவளையம், மூக்கோரத்தில் பவுடர் திட்டு, புருவத்தில் ஒவ்வொரு முடி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஆல்பத்துல எல்லாப் படமும் கனவு மாதிரி பண்ணிக் கொடுத்தீங்க. லேசா பனி இறங்கின மாதிரி, வெளிச்சம் பூப்பூவா... பார்த்தவங்க எல்லாம் கண்ணு வெச்சாங்க. இதுல மட்டும் என்னண்ணா வந்துச்சு? பத்துத் தடவை திருத்தம் சொன்னேன்னு பழி வாங்குறீங்களா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல தங்கச்சி."

"எங்கம்மா ரூம்ல கட்டிலுக்கு நேரா மாட்டியிருக்கு. நேத்து என் மாமியார் வந்து பார்த்துட்டு என்ன கேட்டாங்க தெரியுமா? 'ஏம்மா, இந்தப் பருவெல்லாம் கல்யாணத்துக்கு முந்தியே இருந்ததா, அப்புறம் வந்ததா?'ன்னு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

எடிட்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கதை கந்தல் என்று அடக்கிக்கொண்டார்.

அதற்குள் அவளுடைய அம்மாவும் மெல்லப் படியேறி வந்துவிட்டாள். வாசலில் விளம்பரத்துக்காக ஆளுயர அட்டை மணப்பெண் ஒருத்தியை நிறுத்தியிருந்தார்கள்.

"கொஞ்சம் வழி விடும்மா," என்றாள் அம்மா அவளிடம்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது அட்டைம்மா!"

"அட, ஆமா," என்று அம்மாவும் சிரித்துக்கொண்டாள்.

"இவங்க எப்பவும் இப்படித்தாண்ணா, கனவுலயே நடப்பாங்க. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையோட தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் பொண்ணை நல்லாப் பார்த்துக்குங்க மாப்பிள்ளை'ன்னு கண்ணு கலங்குறாங்க. மண்டபமே சிரிச்சுது."

அம்மா நாற்காலியின் முதுகைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். "அந்தப் படம் அப்படியே இருக்கட்டுமேடி. என் ரூமுக்குள்ள இருக்கறதை யார் வந்து பார்க்கப் போறா? எனக்குப் பிடிச்சிருக்கு."

"உனக்கென்னம்மா, நீ சொல்லிடுவே. பேச்சு வாங்கறது நான்தானே? அண்ணா, ஆல்பம் மாதிரியே இதையும் மாத்திக் கொடுங்க. இங்கேயே உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் போவேன்."

எடிட்டர் தயங்கினார். "என்னம்மா, மாத்திடவா?"

அம்மா படத்தின் சட்டத்தை ஒருமுறை தடவினாள். "அவ இஷ்டப்படியே பண்ணிடுப்பா. வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

உள்ளறையில் திரைச்சீலையெல்லாம் இழுத்துவிட்டு இருட்டாக இருந்தது. கம்ப்யூட்டர் வெளிச்சம் மட்டும் நீலமாக மூன்று பேர் முகத்திலும் விழுந்தது. கார்ட்டூன் பார்க்கிற குழந்தை மாதிரி, அம்மா திரைக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டாள்.

'ஷார்ப்னெஸ்' என்ற கோட்டின் மேலிருந்த குமிழை எடிட்டர் மவுசால் பிடித்து இடது பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

பருக்கள் கரைந்தன. கருவளையம் கரைந்தது. புருவம் இளகி, சிவப்புப் புடவையின் ஓரம் வெளிச்சத்தோடு கலந்து, மூச்சு பட்ட கண்ணாடிக்குப் பின்னால் யாரோ சிரிப்பதுபோல் ஆனது படம்.

"ஆங், இப்படித்தான்! இன்னும் கொஞ்சம்ணா," என்றாள் மகள் மயங்கிப்போய்.

"எங்கேடி போயிட்டே?" என்றாள் அம்மா.

"நான் இங்கதானேம்மா இருக்கேன்?"

"நீ இல்லடி. இதுல இருந்தியே... இங்கதானே இருந்தே?" அம்மா திரையை விரலால் தடவினாள். படத்தில் மகளுக்குப் பின்னால் தொங்கிய பூச்சரத்தில் அந்த விரல் தேடிக்கொண்டிருந்தது.

மகள் அந்த விரலையே பார்த்தாள்.

"அம்மா... உனக்குக் கண்ணு தெரியலையா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எடிட்டர்தான் சொன்னார்.

"போன மாசம் தனியா வந்தாங்க தங்கச்சி. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியமே வாங்கிட்டாங்க. இதே நாற்காலியில உட்கார வெச்சு, ஷார்ப்னெஸ்ஸை ஏத்திக்கிட்டே போனேன். 'ஆங், வந்துட்டா'ன்னு எங்க சொன்னாங்களோ, அங்க நிறுத்தினேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுட்டு என்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சிருப்பே. அன்னைக்கு மேடையில சிவப்பா ஏதோ ஒண்ணு அசைஞ்சுதுடி. அதுதான் நீன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரே ஒரு தடவையாவது உன் கல்யாண முகத்தைப் பார்த்துடணும்னு ஆசையா இருந்துச்சு. அவ்வளவுதான்."

மகள் எடிட்டரின் கையிலிருந்து மவுசை வாங்கிக்கொண்டாள். குமிழை வலது பக்கம் தள்ளினாள்.

"வந்துட்டேனாம்மா?"

"இன்னும் இல்லடி."

மேலும் தள்ளினாள். புருவத்தில் முடிகள் எழுந்து நின்றன. கருவளையம் திரும்பி வந்தது. பருக்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. கோட்டின் கடைசி வரைக்கும் தள்ளினாள்.

"இப்பம்மா?"

"ஆங்... வந்துட்டே!" அம்மாவின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகா இருக்கேடி!"