மகள் கல்யாணத்தில் வாசிக்காத பேண்டு

மாலை வெயில் மண்டபத்துச் சன்னல் வழியே சாய்ந்து விழுகிறது. மேடையில் மதுரையிலிருந்து வந்த ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது. ஆறு வயலின் வில்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கி உட்கார்ந்து கேட்கிறார்கள். மணமகள் விஜிதாவின் அப்பா சுந்தரராஜ் முன்வரிசையில் இருக்கிறார். இருபத்தாறு வருடமாகச் சங்கரன்கோவிலில் பேண்டு செட் நடத்துகிறவர், கிளாரினெட் வாசிப்பவர். "பேண்டு ரோட்டுக்குச் சரி அண்ணாச்சி, மண்டபத்துக்கு ஆர்கெஸ்ட்ராதான் மதிப்பு" என்று சம்பந்தி சொன்னபோது ஒரு வார்த்தை மறுக்காமல் தலையாட்டியவர் அவர்தான். தன் ஆட்களிடம், "யாரும் வாத்தியம் எடுத்துட்டு வராண்டாம்லே" என்றும் சொல்லிவிட்டார். அவர்கள் ஒன்பது பேரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் இருக்கிறார்கள். டிரம்பெட் வாசிக்கிற மாரிராஜின் மூன்று விரல்கள் அவனறியாமல் முழங்காலில் அழுந்தி எழுகின்றன. பாட்டு முடிகிறது. மண்டபமே கை தட்டுகிறது. எல்லாரையும்விடப் பலமாக அந்த ஒன்பது பேர்தான் தட்டுகிறார்கள். மாரிராஜ் முன்னால் வந்து சுந்தரராஜின் கையைப் பிடித்துக்கொள்கிறான். "அண்ணாச்சி, என்னமா வாசிக்காங்க! நாம வாசிச்சா ஒருத்தராவது இப்படி உக்காந்து கேட்டிருக்காங்களா?" அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் சுந்தரராஜ் ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.