கிழவிக்கு விழுந்த கல்

முதல் கல் கிழவியின் காலடியில் விழுந்தது. இரண்டாவது அவள் தோளில் பட்டது.

"ஐயோ, என்ன பண்றீங்க! பைத்தியமா உங்களுக்கு?" என்று நதேஜ் அலறினாள்.

கிழவி என்பது சிம்பன்சி. மடியில் குட்டியோடு ஒரு வேரின் மேல் கொட்டையை வைத்து உடைத்துக்கொண்டிருந்தாள். அடி பட்ட தோளைத் தடவிக்கொண்டு எறிந்தவனையே பார்த்தாள். எறிந்தவன் ஊலாயி, அவர்களைக் காட்டுக்குள் அழைத்து வந்த வழிகாட்டி.

நதேஜும் அவள் கணவன் யாசிந்தும் அபிஜான் நகரத்தில் பள்ளி ஆசிரியர்கள். சிம்பன்சி பார்க்க வருபவர்கள் தங்கும் முகாமில் மர வீடுகள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு. உள்நாட்டுக்காரர்களுக்குச் சமையல்கட்டின் பின்புறம்தான். அங்கே இரவல் கூடாரம் போட்டு, கொண்டுவந்த அரிசியைப் பொங்கி, மத்தி மீன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டவர்கள். விடியற்காலையில் கிளம்பி மூன்று மணி நேரம் சேற்றில் நடந்தது சிம்பன்சியைப் பார்க்கத்தான், அது அடி வாங்குவதைப் பார்க்க அல்ல.

ஊலாயி வெட்டுக்கத்தியால் மரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தான். "போடி! தொலைஞ்சு போ!" என்று தொண்டை கிழியக் கத்தினான். முகக்கவசத்தை மட்டும் கழற்றவில்லை. மனிதச் சளி சிம்பன்சிக்கு ஆகாது என்ற விதியை அந்த வெறியிலும் அவன் மறக்கவில்லை.

மற்ற சிம்பன்சிகள் மரமேறிவிட்டன. கிழவி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். யாசிந்த் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டான்.

மத்தியானம் அந்தப் படம் முகாம் மேலாளர் பெலாஜியின் மேஜைக்கு வந்துவிட்டது. எதிரே ஊலாயியும் அந்த ஆசிரியத் தம்பதியும் நிற்க, அவள் அதை இரண்டு தடவை பார்த்தாள்.

"அண்ணே, குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல மதாம்."

"அப்ப இது?"

"நான்தான் எறிஞ்சேன். நேத்தும் எறிஞ்சேன். முந்தாநாளும் எறிஞ்சேன்."

முகாமுக்கு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த உதவி நின்றுவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமையோடு மூடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே, இத்தனை நாள் வேட்டைக்காரர்களை விரட்டிவந்த வனக்காவலர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் வேலை போகிறது. ஊலாயி ஒருவனுக்குத்தான் வடக்கே வேறொரு காட்டில் வேலைக்குப் பெலாஜி சொல்லி வைத்திருந்தாள்.

"ஏழு வருஷம்ணே!" என்றாள் அவள். "முதல் ரெண்டு வருஷம் அதுங்க ஓடுற முதுகத்தானே பாத்துட்டு வந்தீங்க? காய்ச்சலோட போனீங்க. மக கல்யாணத்தன்னிக்குக்கூட காலையில ஒரு நடை போயிட்டுதான் வந்தீங்க. இன்னிக்கு மனுஷன் கிட்டப் போனாலும் அதுங்க பாட்டுக்கு உக்காந்திருக்குன்னா, அது நீங்க பழக்குனது. அந்தக் கையால கல்லெடுக்க எப்படிண்ணே மனசு வந்துச்சு?"

ஊலாயி தரையைப் பார்த்தான்.

"வேலை போற ஆத்திரத்த வாயில்லா ஜீவன் மேலயா காட்டுறது?" என்றான் யாசிந்த். "எங்க பள்ளிக்கூடத்துப் பசங்ககிட்ட என்னன்னு போய்ச் சொல்வேன்? வழிகாட்டின்னு ஒரு ரவுடி வந்தாருன்னா?"

பெலாஜி ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "படிக்கவா? 'விலங்குகளிடம் இவரைப் போலப் பொறுமையும் அன்பும் உள்ளவரை நான் கண்டதில்லை.' இதுல என் கையெழுத்து விழுந்தா திங்கக்கிழமை அங்க உங்களுக்கு வேலை. விழலன்னா, வீட்ல இருக்கிற நாலு பிள்ளைங்களோட தெருவுல நிப்பீங்க."

"தெரியும் மதாம்."

"தெரிஞ்சா சரி. இனிமே செய்ய மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவங்க எதிர்க்கவே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்."

ஊலாயி கடிதத்தைப் பார்த்தான். கண் கலங்கியது.

"நாளைக்கும் எறிவேன் மதாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் எறிவேன்."

இத்தனை கொழுப்பை யார் பொறுத்துக்கொள்வார்கள்? பெலாஜி கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"இனிமே காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. கெளம்புங்க."

அவன் சட்டையில் குத்தியிருந்த முகாம் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் நதேஜுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வாசலில் போய் வழியை மறித்தாள்.

"உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கில்ல? மடியில குட்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அடி பட்டும் ஓடல. ஏன் ஓடல? நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்கன்னு அவ்வளவு நம்பிக்கை. நம்புனதப் போய் அடிச்சீங்களே, நீங்கல்லாம் மனுஷனா?"

ஊலாயி முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அடுத்த வாரம் துப்பாக்கியோட வர்றவனையும் அது அப்படித்தான்மா நம்பும்."