வெறுங்கையோடு

துளசி ஐந்தாவது மின்னஞ்சலை அனுப்பி ஒன்பது நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பதில் வந்தது.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, ரொட்டியை மென்றுகொண்டே படிக்க ஆரம்பித்தாள். நான் எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கவலையே இல்லை. நல்ல சேதிதான் வந்திருக்கும். வேறு என்ன வரப்போகிறது?

பேராசிரியர் ஷரீஃபாவிடம் சேர்ந்து மேல்படிப்பு படிக்க வேண்டும் என்பது என் மகளுக்கு இரண்டு வருடப் பைத்தியம். ஆற்று முகத்தில் நிற்கிற பாக்காவ் என்கிற சதுப்பு மரங்கள் உப்பை எப்படித் தாங்குகின்றன என்று ஏதோ ஆராய்ச்சி. சேற்றில் நிற்கிற மரத்துக்கு இத்தனை படிப்பா என்று ஒருமுறை கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பேராசிரியரிடம் இருப்பது ஒரே ஓர் இடம். முடிவு இந்த மாதக் கடைசியில். கிடைக்காவிட்டால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். இப்போதே அங்கே மாறி மாறி ஷிப்ட் பார்த்து, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது பிள்ளைக்கு.

முடிவு வரும்வரை தொடர்பை விட்டுவிடக் கூடாதாம். மூன்று வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல். அடிக்கடி எழுதினால் தொல்லையாம், எழுதாமலே இருந்தால் மறந்துவிடுவார்களாம். ஒவ்வொன்றிலும் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டுமாம். ஆறு வரி எழுத அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகும்.

முதல் மூன்றுக்கும் மறுநாளே பதில் வந்தது. நான்காவதுக்கு வரவில்லை. இரண்டு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தாயில்லாத பிள்ளை அப்படிக் கிடப்பதைப் பார்த்து, எனக்கு அந்த ஆறு வரிமேல்தான் ஆத்திரம் வந்தது. கடுதாசி போட்டு என் ஆயுசில் ஒரு காரியமும் நடந்ததில்லை.

துளசி மெல்லுவதை நிறுத்தினாள்.

பிறகு, படித்ததை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். பேராசிரியர் போன மாதம் முழுக்கக் களப்பணிக்காகக் காட்டில் இருந்தாராம். அதனால்தான் நான்காவதுக்குப் பதில் இல்லை. காட்டுக்குக் கிளம்பும் முன்பே துளசியின் பெயரைத்தான் பரிந்துரைத்து வைத்திருந்தாராம்.

சிரிக்கலாம் என்று நிமிர்ந்தேன். அவள் சிரிக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், துளசிக்காக யாரோ அவருடைய அலுவலகத்தில் அன்பளிப்பு கொடுத்துவிட்டுப் போயிருந்தார்களாம். விதிப்படி மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டாராம். விசாரணை முடியும்வரை விண்ணப்பம் நிறுத்திவைப்பு. இடம் அடுத்த ஆளுக்கு. மிகவும் வருந்துகிறாராம்.

அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க லா, ப்பா! நம்ம வீட்டுல யாருக்கு அவங்க ஆபீஸ் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் எழுத ஆரம்பித்துவிட்டாள். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை முழுசும் தேவைப்படவில்லை. எழுதும்போதே எனக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்: வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். என் அப்பா குணாளன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். இருபத்தாறு வருடத்தில் ஒரு போலீஸ்காரருக்குக்கூடக் காப்பிக் காசு கொடுத்ததில்லை. அவர் இப்படிச் செய்யவே மாட்டார். அதற்கு நான் பொறுப்பு.

காப்பிக் காசு கொடுத்ததில்லை என்பது சத்தியம். ரோட்டில் எத்தனையோ அபராதச் சம்மன் வாங்கியிருக்கிறேன், ஒருத்தனுக்கும் நீட்டியதில்லை.

பொறும்மா என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அனுப்பிவிட்டாள்.

"படம் ஒன்னு வெச்சிருக்காங்க ப்பா. என்னாதான் குடுத்தாங்கன்னு பாத்துருவோம்."

எங்கள் பதினான்காவது மாடிக்கு இணையம் நொண்டிக்கொண்டுதான் ஏறும். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

எனக்குப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால், காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு நேராக அந்த அலுவலகத்துக்குத்தான் போனேன். என் பிள்ளைக்குப் படிப்புச் சொல்லித்தரப் போகிறவரை வெறுங்கையோடு போய்ப் பார்ப்பதா? லஞ்சம் வேறு, பழத்தட்டு வேறு என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது, என்ன செய்ய.

பேராசிரியர் ஊரில் இல்லை. வாங்கக் கூடாது அங்கிள், கொண்டுபோயிடுங்க என்று நஜ்வா என்கிற குமாஸ்தாப் பெண் மலாயில் இரண்டு தடவை சொன்னாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, மேசையில் வைத்துவிட்டு வந்தேன். யாருக்காக என்று தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, துளசியின் பெயரைச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிச் செருகியதும் நான்தான்.

திரையில் முதலில் ஆரஞ்சுப் பழங்கள் வந்தன. அப்புறம் பேரீச்சம்பழப் பெட்டி. எங்கள் வீட்டுத் தட்டுதான், ஆனால் எவர்சில்வர் தட்டு எல்லா வீட்டிலும் இருக்கிறது. துளசிக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

பழங்களுக்குக் கீழே மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலையின் மடிப்பு வந்தது. அப்புறம் அரக்குக் கரை. அவள் அம்மா கடைசித் தீபாவளிக்கு எடுத்து, கட்டாமலே போய்ச் சேர்ந்த சேலை.

துளசி என்னைப் பார்க்கவில்லை. திரும்பி, அம்மாவின் பெட்டி இருக்கும் அறையைப் பார்த்தாள்.