நான்காம் அசைக்குப் பின்

அகராதிச் செயலி ஒன்றுக்காகப் பதினோராயிரம் ஆங்கிலச் சொற்களை அசை அசையாகப் பிரித்துச் சொல்லிப் பதிவு செய்தவள் அமலி. சொற்களுக்கு நடுவே கேட்ட அவளுடைய மூச்சைத் தேடித் தேடி வெட்டி எறிந்தவன் அவள் கணவன் சகாயராஜ். அதுதான் அவன் வேலை. வேலையில் கறார். "கேக்குறவங்க என்னப் பொம்மைன்னு நெனைக்கப்போறாங்க" என்பாள்.

அவள் இறந்து பதினான்கு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். "சார், காது மூக்கு தொண்டை மருத்துவத்துக்கு ஒரு நீள வார்த்தை இருக்குல்ல, அதுல நடுவுல மூச்சு கேக்குதாம். எடுத்துக் குடுத்துடுங்க."

"அனுப்புறேம்மா."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். ஓ-டோ-ரை-னோ. அங்கே அவளுக்கு மூச்சு போதவில்லை. ஓர் இழுப்பு. பிறகு ல-ரிங்-கா-ல-ஜி.

நாள் முழுக்க மற்ற சொற்களைத் திறந்து திறந்து கேட்டான். எதிலும் ஒரு மூச்சைக்கூட அவன் விட்டுவைத்திருக்கவில்லை. அத்தனை சுத்தம்.

சாயங்காலம் அந்த இழுப்பை வெட்டி, சொல்லை ஒட்டி அனுப்பினான். வெட்டியதை இந்த முறை எறியவில்லை. அரை நொடிகூட இல்லை அது. திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வருகிறவள் போல அவள் மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.